சும்மா நடக்கிறவன்

1

போன புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. ஆடு காணாமல்போன விஷயமாக. அந்த நேரம் பார்த்து அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

இதை இந்த அளவில் நிறுத்தினால் எங்கள் ஊர் திருப்புலிவனத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். ‘படிச்சான், சீமைக்குப் போனான், கடைசீல ஆடு புடிச்சான்’ என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன். முதலில் படியுங்கள். சந்தேகப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நான் இருப்பது வேல்ஸ். இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மலைநாடு. சின்ன ஊர். செருப்புக் கடைக்கு மேலே மாடியில் குடியிருக்கிறோம், நானும் என் மனைவி கனகாவும். மின்சார மீட்டர் செய்யும் தொழிற்சாலையில், வருகிற மீட்டரெல்லாம் பொய் சொல்கிறதா நிஜம் சொல்கிறதா என்று சோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை. செங்கல்பட்டு ஜில்லாக்காரனுக்குப் பொருத்தமான உத்தியோகம்தான். ஊரில் இலவசமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவனுக்கு இங்கே அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பதில் நல்லபடியாக வராவிட்டால் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இப்படிப்பட்ட நேரத்தில் வாசலில் போலீஸ் தொப்பி தெரிந்தால் எப்படி இருக்கும்?

2

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பள்ளத்தாக்கு.

ஊரின் கடைசியில் ஒரு சின்ன மாதா கோயில். அதோடு தார் ரோடு முடிகிறது. பிறகு இரண்டு பக்கமும் கல்சுவர் வைத்த சந்து. சுண்ணாம்பு, மண் எதுவும் வைக்காமல் கல்மேல் கல்லாக அடுக்கியே கட்டிய சுவர். சந்தின் முடிவில் மரச்சட்டம் அடித்த ஒரு படல். அதைத் தாண்டினால் பள்ளத்தாக்கு.

முதல் தடவை நான் அங்கே போனது தற்செயல். ஞாயிற்றுக்கிழமை, கடை, சினிமாக் கொட்டகை எல்லாம் மூடியிருந்தது. மாடியில் எத்தனை நேரம்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? நடந்தேன். படலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் அம்புக்குறி போட்டு ‘பொதுப் பாதை’ என்று எழுதியிருந்தது. உள்ளே போனேன்.

இரண்டு மலைகள். நடுவே கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு ஓர் ஓடை. ஓடைக்கரையில் சின்னச் சின்ன மரங்கள், கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். மலைச்சரிவு முழுக்கப் பெரணிச் செடி. ஆவணியில் பச்சையாக இருந்தது ஐப்பசிக்குள் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகிவிடுகிறது. கல்சுவர்கள் மலைமேல் நேராக ஏறிப்போகின்றன. அவ்வளவு செங்குத்தில் எவன் கல் சுமந்தான், என்ன வழக்குக்காகச் சுமந்தான் என்று தெரியவில்லை. மேகத்தின் நிழல் ஒரு மலையிலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர் மலையில் ஏறிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். தரை என்றால் தரையா அது! வைக்கோல் போர்மேல் நடப்பது மாதிரி கால் உள்ளே போய் மேலே வருகிறது. ஒரு மைல் நடந்தவனுக்குக் களைப்பு வர வேண்டாமா? வரவில்லை. இன்னும் நட என்று தரையே தள்ளிவிடுகிறது.

ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது இதெல்லாம் இல்லை. பாதி தூரத்தில் பள்ளத்தாக்கு ஒரு பக்கமாக வளைகிறது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. போய்ப் பார்த்தால் இன்னொரு வளைவு. அதையும் தாண்டிப் போனால் கறுப்புத் தண்ணீரோடு ஒரு குளம், அதன் தலைமாட்டில் நூல் மாதிரி ஓர் அருவி. மனித சத்தமே கிடையாது. கரையில் நின்றபோது எனக்கு வந்த முதல் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: ‘இவ்வளவு நல்ல இடத்தை ஏன் சும்மா விட்டு வைத்திருக்கிறார்கள்? இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது.’

3

வில்லங்கம் இல்லாமல் எந்த நிலமாவது உண்டா? எங்கள் நிலத்தின் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை போகும். வருஷா வருஷம் ஆடியில் நைனா முதல் ஏரை அந்தப் பாதையின்மேல்தான் ஓட்டுவார். “நாலு வருசம் நடக்க வுட்டா அஞ்சாம் வருசம் அது அவன் பாட்டன் போட்ட ரோடும்பான்” என்பார். அவர் பிள்ளைக்கு, யாரோ ஒருத்தன் நிலத்தில் ஊரெல்லாம் நடக்கலாம் என்று பலகை நட்டு வைத்திருப்பதை எப்படி நம்ப முடியும்? பலகையைத் தட்டிப் பார்த்தேன். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தேன்.

எங்கள் பக்கம் நிலம் எதையும் ஒளித்து வைக்காது. ஏரிக்கரைமேல் நின்றால் போதும். எவன் எந்த வரப்பில் வருகிறான், தலையில் என்ன, கையில் என்ன, யார் வீட்டுக்குப் போகிறான், எல்லாம் அவன் வந்து சேருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். கையில் ஒன்றுமில்லாமல், யார் வீட்டுக்கும் போகாமல், ஒருத்தன் சும்மா நடந்தால் தொலைந்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பேண்ட் போட்ட ஓர் ஆள் கழுத்தில் பைனாகுலர் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் ஏரிக்கரையில் நடந்தார். நின்று நின்று பார்த்தார். கரையை விட்டு இறங்குவதற்குள் பாதி ஊர் அவரைச் சுற்றி நின்றது.

“இன்னா சார், இன்னா அளந்துக்கினு கீற?”

“அளக்கலீங்க. பறவை பாக்க வந்தேன்.”

“பறவ வேடந்தாங்கல்ல கீது. இங்க இன்னா கீது?”

“இங்கயும் வருதுங்க. சும்மா நடந்து பாக்கலாம்னு…”

அந்த ‘சும்மா’தான் அவரைக் கெடுத்தது. சர்க்கார் ஏரியை எடுத்துக்கொள்ளப் போகிறது, அதற்கு அளக்க வந்த ஆள் என்று முடிவாகிவிட்டது. மரியாதைக்குக் குறைவில்லை, மோர் கொடுத்தார்கள், வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். கடைசி பஸ் ஏற்றிவிடும்வரை மூன்று பேர் கூடவே நின்றார்கள். அந்த மூன்று பேரில் நைனாவும் ஒருத்தர்.

அப்படிப்பட்டவருக்குப் பள்ளத்தாக்கை போட்டோ எடுத்து அனுப்பினேன். அவரிடமிருந்து நீலத்தாளில் பதில் வந்தது. “போட்டோவில் ஆள் இல்லை. வீடு இல்லை. மாடு கன்று இல்லை. நீ எங்கே இருக்கிறாய்? வேலை இருக்கிறதா இல்லையா? உண்மையை எழுதவும்.”

4

கனகா என் மாமன் மகள். ஐயங்கார்குளத்துக்காரி. போன வருஷம்தான் இங்கே வந்தாள். அவளுடைய சந்தேகம் வேறு மாதிரி.

“ஞாயித்துக்கெயம ஆனா காலைல நாஷ்டா துண்ணாம ஓடற. மத்தியானம் சேறும் சகதியுமா வர. கேட்டா மல பாத்தேன்ற. மல எங்கனா ஓடிப்பூடுமா மாமா?”

“நீயும் வாயேன் மே. வந்து பாரு.”

வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, ரப்பர் செருப்பும் என்னுடைய மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு முதல் வளைவு வரைக்கும் நடந்தாள். வளைவுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். சுவருக்குப் பின்னால் பார்த்தாள். வேறு எவளாவது நிற்கிறாளா என்றுதான் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. ஒரு செம்மறி ஆடு மட்டும் அவளையே முறைத்துக்கொண்டு நின்றது.

“ஒரு கோயில் இல்ல. ஒரு டீக்கட இல்ல. ஓடைல ஒரு பொம்பள தண்ணி மொள்ளல. இத்தப் பாக்கவா இம்மாந்தூரம்?”

“காத்து எப்பிடி கீது பாத்தியா?”

“காத்து நம்மூர்ல இல்லியா?” என்றாள். திரும்பும்போது மட்டும் ஓடைக்கரையில் கொஞ்சம் நின்றாள். சிவப்புப் பழக் கொத்து ஒன்றைப் பறித்து, பார்த்து, தலையில் வைக்கலாமா என்று யோசித்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து என்மேல் சந்தேகம் கொஞ்சம் குறைந்தது. என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பாள்.

5

புரட்டாசி கழிந்தது. மலை உச்சியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைக் கீழே இறக்குகிற காலம் வந்தது. அதுவரைக்கும் நான் கண்ணில் பார்த்திராத நிலத்துக்காரர் படலண்டை வந்து நின்றார். பெயர் மார்கன். அறுபதுக்கு மேல் இருக்கும். காதுவரை இழுத்துவிட்ட குல்லாய், வாயில் அணைந்த பைப், காலடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நாய்.

என்னைப் பார்த்தார். நாயும் பார்த்தது.

“எங்கே போகிறாய்?” என்றார்.

அவ்வளவுதான். நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிளம்பிப் போகிறவனை ‘எங்க போற’ என்று கேட்பார்களா? கேட்டால் போகிற காரியம் விளங்குமா? ‘தூரமா?’ என்று கேட்கலாம். ‘ஆமா, தூரந்தான்’ என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருக்கலாம். தெரியாமல் கேட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி கிளம்ப வேண்டும். நைனா ஒருதடவை நிலம் வாங்க ரிஜிஸ்திரார் ஆபீசுக்குக் கிளம்பினார். எதிரே வந்தவன் கேட்டுவிட்டான். திரும்பி வந்து தண்ணீர் குடித்ததில் பஸ் போய்விட்டது. அந்த வாரமே அந்த நிலத்தின்மேல் மூன்று பங்காளிகள் வழக்குப் போட்டிருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சாஸ்திரம் இல்லை, சட்டம்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. என் காலுக்கு இருக்கிறது. மார்கன் கேட்ட உடனே கால் திரும்பிவிட்டது. வீடு இரண்டு மைல். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறும் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார். இந்த ஆளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பாதையை ஏர் ஓட்டி அழிக்க முடியாதவன் ஒரு கேள்வியால் அழிக்கிறான். நைனாவைவிடக் கெட்டிக்காரன்!

நான் சும்மா விடுவேனா? ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டார். அங்கேயே சுவர்மேல் உட்கார்ந்தேன், பாட்டிலைத் திறந்து குடித்தேன், எழுந்தேன்.

மார்கன் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். “கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையே. எங்கே போகிறாய்?”

மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி குடித்தேன். அவர் பாட்டிலையே பார்த்தார். நாய் என் முகத்தைப் பார்த்து ஒருதடவை குரைத்தது. மூன்றாவது தடவை அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஊரைப் பார்த்துக் கிளம்பிவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் செய்ததுதான் வினையாகிவிட்டது. விடிந்தும் விடியாமல் போனேன். படலண்டை அவர் இருந்தார். சந்துச் சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவர் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போகட்டும், பிறகு நுழையலாம் என்று. நடுநடுவே தலையைத் தூக்கிப் பார்த்தேன். போகவில்லை. நாய் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் மார்கனுடைய ஆடுகள் சில காணாமல் போயின.

6

கான்ஸ்டபிள் நல்ல உயரம், சிவப்பு மீசை. தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு எங்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்கு மட்டும் அடுப்புப் பக்கமே இருந்தது.

“என்ன சமையல்?”

கோழி என்று சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கனகா முந்திக்கொண்டாள். “மட்டன், சார். குட் மட்டன்.”

நான் குப்பைக்கூடைக்குள் கையை விட்டுக் கறிக்கடைக் காகிதத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். அவர் கேட்கவே இல்லை. கேட்காமலே காட்டியதும் அவர் கண் கொஞ்சம் சுருங்கியது.

“ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்கனுடைய சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது நீங்கள்தானா?”

“ஒளியவில்லை. குனிந்திருந்தேன்.”

“எதற்கு?”

“அவர் போகட்டும் என்று.”

“அவர் ஏன் போக வேண்டும்?”

“இருந்தால் கேள்வி கேட்பார்.”

“என்ன கேள்வி?”

“எங்கே போகிறாய் என்று.”

“எங்கே போகிறீர்கள்?”

“எங்கேயும் இல்லை. சும்மா.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தப் பைனாகுலர்க்காரர் ஞாபகம் வந்தார். அவருக்காவது மோர் கிடைத்தது.

கான்ஸ்டபிள் மெதுவாகச் சொன்னார்: “உங்கள் விண்ணப்பம் விஷயமாகத் தலைநகரிலிருந்து எங்களைக் கேட்டிருக்கிறார்கள். ஆள் எப்படி என்று இந்த வாரம் நான் பதில் எழுத வேண்டும். அதனால்தான் நேரிலேயே வந்தேன். கேட்டால் திரும்பி ஓடுகிற ஆளை, கேட்பவருக்கு ஒளிகிற ஆளை, எப்படி என்று எழுதுவது?”

 கனகா என் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னா மாமா சொல்றாரு?”

சொன்னேன்.

“மெய்யச் சொல்றதுக்கு இன்னா?”

“இத்தப்போயி சொல்லிக்கினு இருப்பாங்களா மே? சயின்ஸ் படிச்சவன்னு வேல குடுத்துக்கினு கீறான். எங்கனு கேட்டா சகுனத் தடன்னா சிரிப்பான்.”

“சிரிச்சா சிரிக்கட்டும். சயின்ஸ் படிச்சவன் ஆடு புடிச்சான்னு எய்திப்புட்டா பரவால்லியா?” என்றாள். “ஆட்ட இட்டாந்து எங்க கட்டறதாம்? குளிக்கிற ரூம்புலயா?”

கரண்டியை வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடி. என்னைப் பார்த்து, “எய்ந்துரு. வாசப்பக்கம் நட” என்றாள். நடந்தேன். இடுப்பில் கை வைத்து, இல்லாத பைப் ஒன்றை வாயில் கடித்துக்கொண்டு, “யூ! வேர் கோ?” என்று அதட்டினாள். என் கால் தானாகத் திரும்பிவிட்டது. “சிட்” என்றாள். உட்கார்ந்தேன். “வாட்டர்” என்று டம்ளரை நீட்டினாள். குடித்தேன். “நவ் கோ” என்று அனுப்பினாள்.

கான்ஸ்டபிள் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கனகா அவர் பக்கம் திரும்பினாள். “சார். யூ.”

சீருடையில் இருக்கிற ஆள்! நான் பதறிப்போனேன். அவர் என்னைப் பார்த்தார், கனகாவைப் பார்த்தார், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். எழுந்து கதவை நோக்கி நடந்தார்.

“யூ! வேர் கோ?”

நின்றார். ஒரு நிமிஷம் யோசித்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றினார், கையை நீட்டினார். கனகா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்படியானால் எப்படித்தான் கேட்பது?” என்று என்னிடம் கேட்டார்.

“தூரமா என்று கேட்கலாம்” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“என் அம்மா எதையாவது மறந்து வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டால், உட்கார்ந்து பத்து எண்ணிவிட்டுத்தான் மறுபடி வெளியே போவாள்” என்றார்.

என் வாயிலிருந்து இன்னும் எதையோ பிடுங்குவதற்காக இப்படி ஒன்றை ஜோடித்துச் சொல்கிறாரோ என்று தோன்றியது. சின்னக் கிண்ணத்தில் கனகா கொடுத்த குழம்பைக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மார்கனுடைய ஆட்டில் இவ்வளவு காரம் இருக்காது என்றார். அது தீர்ப்பா வேடிக்கையா? தெரியவில்லை. என்ன எழுதப் போகிறார் என்று கேட்க வாய் வரவில்லை. அவராகவும் சொல்லவில்லை. கதவண்டை போனதும் பயத்தோடு கனகாவைத் திரும்பிப் பார்த்தார்.

“தூரமா சார்?” என்றாள் அவள், தமிழிலேயே.

நான் மொழிபெயர்த்தேன்.

“மார்கன் பண்ணை வரைக்கும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

7

மார்கன் பண்ணைக்கு எதற்கு? என்னைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லவா, விட்டுவிடலாம் என்று சொல்லவா? வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நான் சோதித்த மீட்டர்களை இன்னொருத்தர் மறுபடி சோதித்தால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். கனகாதான் நாஷ்டா கட்டிக் கொடுத்தாள். “போவாம இருந்தாதான் சந்தேகம். போயிட்டு வா மாமா.”

சந்தில் நடக்கும்போதே தெரிந்தது, படலண்டை குல்லாய். இன்றைக்குக் குனியக்கூடாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். பனி பெய்து பெரணியெல்லாம் வெள்ளை விளிம்பு கட்டியிருந்தது. மார்கன் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பைப்பைக் கையில் எடுத்தார். பழைய கேள்வியையே கேட்டால் கான்ஸ்டபிள் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரிந்துவிடும். மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“தூரமா?” என்றார், அவருடைய இங்கிலீஷில். சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

“ஆமாம். தூரந்தான்” என்றேன். 

படலைத் திறந்துவிட்டார். ஆடு கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாயைப் பார்த்து ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். வேல்ஸ் பாஷை, எனக்குப் புரியவில்லை. நாய் எழுந்து என் பின்னாலேயே வந்தது.

நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். மார்கன் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். அப்போதும் நின்றார். நைனாவும் அப்படித்தான் பார்ப்பார். எங்கள் ஊராக இருந்தால் ஏரிக்கரை முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருக்கலாம். நல்லவேளை, வளைவு வந்தது.

நாய் மட்டும் கூடவே வந்தது.